கலயத்துக்குப் போன ஒரு பிடி

அண்ணிக்கு,

இந்த ராமநாதபுரம் ஜில்லாவிலேயே சிக்கனம் என்றால் என்னவென்று சரியாகப் புரிந்தவன் நான் ஒருவன்தான். பி.ஏ. பொருளாதாரம் சும்மா படிக்கவில்லை.

அதனால்தான் நேற்று, மாதா கோயில் கஞ்சிக்கென்று தினமும் உலை வைக்குமுன் நீங்கள் ஒரு பிடி எடுத்துப் போடும் கலயத்து அரிசியைப் பொங்கி, என் சிநேகிதர்களுக்குப் போட்டேன். “ஆண்டவரும் ரேஷன் கடையில நிக்கிறாரா அண்ணி?” என்றதும் பயல்கள் சிரித்தார்கள். நீங்கள் திட்டவில்லை. “எனக்குப் பசியில்ல தம்பி” என்று மட்டும் சொன்னீர்கள். “வானத்துலேருந்து மன்னா இறங்குச்சாக்கும், அள்ளிச் சாப்பிட்டுட்டீக” என்று அதையும் கேலி செய்தேன்.

காலையில் பார்த்தால், ராத்திரி நீங்கள் பொங்காமல் விட்ட உங்கள் பங்கு அரிசி கலயத்தில் கிடக்கிறது. என் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் இல்லை.

நீங்கள் பூசை முடிந்து வருவதற்குள் கஞ்சி வைத்துவிட்டேன். துவையல் அம்மியிலேயே இருக்கிறது. கலயத்து அரிசியை வாங்கிப்போகக் கோயில் உபதேசியார் பத்து மணிக்கு வருவார். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு நபீஸா அக்காவிடம் கொடுங்கள்.

இன்னாசி

பி.கு. கஞ்சி தண்ணியாக இருக்கும். உலையில் போடுமுன் ஒரு பிடி கலயத்துக்குப் போய்விட்டது. என் கை கொஞ்சம் பெரிய கை.

இன்னொன்று. கஞ்சி முழுவதும் உங்களுக்குத்தான். எனக்கு எடுத்து வைக்க வேண்டாம். பசியில்லை.