இருபத்தொன்பதாவது கப்பல்

ஏப்ரல் 4, திங்கள்

மூன்றாவது நாளாகத் தெற்குக் காற்று. ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை.

கப்பல்கள் அனுப்பும் ரேடியோ குறிகளைப் படித்து வரைபடத்தில் காட்டுகிற அந்த இலவச மென்பொருளுக்கு என் முதல் திருத்தம் தயார். தெரியாத எண் என்று இதுவரை தூக்கிப்போட்ட குறிகளையும் இனி அது படிக்கும். முப்பது வருடம் நூலகத்தில் புத்தகம் அடுக்கியவளுக்கு இதுவே பெரிது. என் கணினியில் சோதனை ஓட்டினேன். பழைய பதிவுக் கோப்பில் இருபத்தெட்டுக் கப்பல்கள். என் நிரலும் இருபத்தெட்டு என்றது. அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 5, செவ்வாய்

கல்லம் திருப்பி அனுப்பிவிட்டான். ஹோபார்ட்டில் உட்கார்ந்து இந்த மென்பொருளைக் கவனிப்பவன், என் மகனைவிடச் சின்னவன். "ஹூயா, வரியெல்லாம் கோணல்மாணலா இருக்கு. ஃபார்மேட்டர ஓட்டிட்டு, டெஸ்ட்டையும் இன்னொருவாட்டி ஓட்டிட்டு அனுப்புங்க."

ஃபார்மேட்டர் இடைவெளிகளையும் வரிகளையும் ஒழுங்குபடுத்தும், அவ்வளவுதான். பொருளைத் தொடாது. பத்து மணிக்கு ஓட்டினேன். அதன் பிறகு சோதனை தோற்றது. வர வேண்டியது இருபத்தெட்டு, வந்தது இருபத்தொன்பது.

இடைவெளியை மாற்றினால் கப்பல் பிறக்குமா?

மறுபடி ஓட்டினேன். இருபத்தொன்பது. அந்தக் கடைசிக் கப்பலுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்தான். எங்கள் ஊர் நகெட் முனைக்குத் தெற்கே, நடுக்கடலில் நிற்கிறது.

மாலை நான்கு மணி — அது நகர்ந்திருக்கிறது. காலையில் இருந்த இடத்தில் இல்லை. கோப்பு இரண்டு வருடம் பழையது. கோப்புக்குள் இருக்கிற கப்பல் எப்படி நகரும்? கணினியை மூடி, அதன்மேல் ஒரு துண்டையும் போட்டேன். எதற்குத் துண்டு? தெரியவில்லை.

ஏப்ரல் 6, புதன்

கல்லமிடம் சொன்னேன். "என்கிட்ட கரெக்டா இருபத்தெட்டுதான் வருது. உங்க மெஷின்ல ஏதோ குப்ப கெடக்கு. அந்த டெஸ்ட்ட இப்போதைக்குத் தாண்டிப் போக விடுங்க. முதல்ல வரியச் சரிபண்ணுங்க."

நாள் முழுக்க இடைவெளி, காற்புள்ளி, அடைப்புக்குறி. நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். இருக்கிறது. வடகிழக்கே, கரைப்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது. என் வீட்டைத்தான் பார்த்து வருகிறதா? பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. அந்தச் சோதனையைத் தாண்டிப் போகும்படி ஒரு வரி எழுதினேன். எல்லாம் தேறியது என்று திரையெல்லாம் பச்சை. கல்லம் "சூப்பர்" என்று அனுப்பினான். நிம்மதி. இனி அதைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 7, வியாழன்

இதை எழுதி வைத்தாக வேண்டும்.

காலையில் பக்கத்து வீட்டு டூகல் வந்தார். இறால் பிடிக்கிறவர், ஆறு நாளாக வேலையில்லை. "உன் கூரத் தகரம் ஆடுது. ஏணி எங்க?" என்றார். சிரிக்கட்டும் என்றுதான் கதையைச் சொன்னேன்.

"பேய்க் கப்பலா? காட்டு, லைசென்ஸ் இருக்கான்னு கேப்போம்."

தாண்டச் சொன்ன வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். இருபத்தொன்பது. டூகல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது கப்பல் இல்ல, புள்ள. தொள்ளாயிரத்து எழுபதுன்னு ஆரம்பிச்சா உயிர்காப்புத் தெப்பத்துல இருக்கற கருவி. யாரோ கடல்ல கெடக்காங்க."

அப்போதுதான் உறைத்தது. போன மாதம் நான் மாற்றி வைத்த ஓர் அமைப்பு. என் கணினியில் சோதனை, பழைய கோப்போடு, என் கூரை ஆன்டெனா அந்தந்த நேரத்தில் பிடிக்கும் குறிகளையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. திங்களன்று கடலிலிருந்து எந்தக் குறியும் வரவில்லை, அதனால் சோதனை தேறியது.

"வேற யாருக்குமே கேக்கலையா?" என்றேன்.

"படகெல்லாம் கரையில கெடக்கு. குன்று மேல ஆன்டெனா வச்சிருக்கவ நீ ஒருத்திதான். ஃபோனப் போடு, ஃபோனப் போடு!"

அரை மணியில் மீட்பு ஹெலிகாப்டர் போனது.

ஏப்ரல் 8, வெள்ளி

தெப்பத்தில் இரண்டு பேர். ஒருவருக்குத்தான் உயிர் இருந்தது.

ஏப்ரல் 15, வெள்ளி

என் திருத்தம் மென்பொருளில் சேர்ந்துவிட்டது. கல்லம் போன் செய்து அழுதான். தாண்டச் சொன்னது அவன். எழுதியது நான்.

ஏப்ரல் 23, சனி

வில்லெம் வந்தார். பிழைத்தவர், டச்சுக்காரர். விரல்களில் கட்டு, கையில் ஒரு பிஸ்கட் டப்பா. எனக்கு நன்றி சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

திங்கள் இரவு பாய்மரப் படகு கவிழ்ந்ததாம். அடுத்த வாரம்தான் கரைசேர வேண்டியவர்கள், அதனால் யாரும் தேடவில்லையாம். நண்பர் யோஸ்ட்டைப் பற்றி நிறையச் சொன்னார்.

"புதன்கிழம மத்தியானம் வரைக்கும் பேசிட்டேதான் இருந்தான். யாராச்சும் நம்மளப் பாத்துட்டுதான் இருப்பாங்கன்னு சொல்லிட்டே இருந்தான்."

தேநீர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டார்: "நீங்க எங்கள முதல்ல எப்பப் பாத்தீங்க?"

வியாழன் என்று சொல்லியிருக்கலாம். டூகல்கூட அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை. காலைல பத்து மணிக்கு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் பால் கிடைக்குமா என்று கேட்டார். எழுந்து போய்க் கொண்டுவந்தேன்.