பத்தாவது பெயர்

என் பிரியத்துக்குரிய தனபாலன் அண்ணே,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. பழைய மாணவர்கள் உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். ‘ஆறாம் படிவத் தமிழ் வகுப்பைக் காத்தவர்’ என்று முன்னட்டையில் வருமாம். ஆசிரியர் அறையில் இத்தனை வருடம் உங்கள் பக்கத்து மேசைக்காரன் என்பதால் என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். நன்றாகவே எழுதி வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அதைக் கிழித்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் நம் பழைய மாணவி ஒருத்தி, சிம்பாங் அம்பாட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்களுக்குப் பெயர் தேவையில்லை. பத்தாவதாகச் சேர்ந்தவள் என்றால் போதும்.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா? அந்த வருடம், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் பத்துப் பேர் சேராவிட்டால் தமிழ் வகுப்பு கிடையாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். நம்மிடம் ஒன்பது பேர் இருந்தார்கள். இவள் அறிவியல் பிரிவு கேட்டிருந்தாள். அங்கே போனால் கால அட்டவணையில் தமிழுக்கு இடமில்லை. இரண்டே நாளில் அவள் மனம் மாறியது. மாற்றியவர்கள் நாம்.

இப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மகள் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, ஆறாம் படிவத்தில் எந்தப் பாடங்கள் என்று குறிக்கும் தாளோடு வந்திருந்தாள்.

“பிசிக்ஸ் ஏ பிளஸ் சார். அம்மா சயன்ஸ் வேண்டாம்ங்கறாங்க” என்றாள் மகள்.

“நம்ம வீட்டுக்கு அந்த மண்டை இல்லடி. சார்தான் எனக்கே அப்ப சொன்னாரு. பெரிய ஃபெரியில கார ஏத்தலாம். சம்பான்ல ஏத்துனா முங்கிடும். நாம சம்பான்லா” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். “சொல்லுங்க சார், நீங்க சொன்னாதான் கேப்பா.”

உதாரணம் சொல்லியே பிழைத்தவன் நான். அந்தச் சின்னப் படகு என் உதாரணம்தான் அண்ணே. இத்தனை வருடமாக அவள் அதில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். இப்போது மகளையும் ஏற்றப் பார்க்கிறாள்.

“உனக்குப் பிசிக்ஸில் என்னம்மா கிடைத்தது?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஏ தான் சார். ஆனா அந்த வருஷம் பேப்பர் ஈசி, எல்லாருக்கும் ஏ விழுந்துச்சுன்னு தனபாலன் சார் சொன்னாரே.”

எல்லாருக்கும் விழவில்லை. அந்த வகுப்பில் அவளுக்கும் இன்னொரு பையனுக்கும் மட்டும்தான். சொல்லிவிட்டேன் அண்ணே. பத்துப் பேர் கணக்கையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேள்விதான் கேட்டாள்.

“எத்தன பேரு சார் கொறைஞ்சுது?”

“ஒருத்தர்.”

“மத்த புள்ளைங்கள கேக்கலியா?”

கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அப்பா இருந்தார்கள். பள்ளிக்கு வந்து சத்தம் போடுவார்கள். இவளுக்கு அப்பா இல்லை. அம்மா மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். ‘அவ வீட்டுலேர்ந்து யாரும் வந்து கேக்க மாட்டாங்க தம்பி’ என்றீர்கள் நீங்கள். நான் தலையாட்டினேன். அதையும் அவளிடம் சொன்னேன்.

மகள் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என் லைன்ல மெஷின் நின்னா, எஞ்சினியர் வர்றதுக்குள்ள நானே சரி பண்ணிருவேன் சார். அவரு வந்து கையெழுத்து மட்டும் போடுவாரு. எனக்குப் போட முடியாது, அதுக்குப் படிச்ச பேப்பர் இல்ல” என்றாள் அம்மா. பிறகு கேட்டாள்: “நீங்க எல்லாத்துக்கும் அழகா எக்ஸாம்பிள் சொல்வீங்களே சார். இதுக்கு ஒண்ணு சொல்லுங்களேன்.”

நான் தேநீரை அவர்கள் பக்கம் நகர்த்தினேன்.

மகள் தாளை மேசையில் விரித்து, என் பேனாவுக்குக் கை நீட்டினாள். “அவரு பேனா வேணாம். என் பேக்ல இருக்கு” என்றாள் அம்மா. இயற்பியல், வேதியியல், கணிதம் என்று மூன்று கட்டங்களில் அந்தப் பெண் குறியிட்டாள். நான் கொடுத்த தேநீரை இருவரும் தொடவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: “தனபாலன் சார் எறந்தப்ப லீவு போட்டு வந்து மாலை போட்டேன் சார். மலருக்கும் ஒரு பக்கம் தர்றேன்னு சொல்லியிருந்தேன். இனிமே என்னால முடியாது. நீங்க எழுதுங்க. உள்ளத உள்ளபடி எழுதுங்க.”

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ‘வகுப்பு நடக்குதா இல்லியா தம்பி?’ நடக்கிறது அண்ணே. இந்த வருடமும் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அங்கே படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் நிருபர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவரிடம், ‘உன் வகுப்புக்கு இவள் ஈடு’ என்று காட்டியிருந்தால் அவர் சம்மதித்திருப்பாரா? நாம் ஏன் அவளிடமே உண்மையைச் சொல்லிக் கேட்கவில்லை? ‘ஒரு பெயர் குறைகிறது, வருகிறாயா?’ என்று கேட்டிருந்தால் ஒருவேளை வந்திருப்பாள். வராமலும் போயிருக்கலாம். அந்தப் பயம்தானே நமக்கு?

உங்களைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நல்லவர்கள் இருவர் சேர்ந்து, கேட்க ஆளில்லாத வீடு எது என்று பார்த்து வைத்தோம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மலர்க்குழு இந்தப் பக்கத்தை எடுத்துவிடப் பார்க்கும். எடுத்தால், வெளியீட்டு நாளில் மேடையேறி இதை முழுதாக வாசிப்பேன். உங்கள் மனைவியும் மகனும் முன்வரிசையில் இருப்பார்கள். அதற்காக ஒரு வரியும் குறைக்க மாட்டேன். உங்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் என் பெயரைச் சொல்வேன். இது உறுதி அண்ணே.

அன்று தலையாட்டிய உங்கள் தம்பி,
குணசேகரன்