மூன்றாவது தையல்

மே 20, செவ்வாய்

விடியவே மழை. பால்கனியில் போட்ட உடுப்பெல்லாம் திரும்பவும் ஈரம். பத்து மணிக்குக் கரண்டும் போய்விட்டது. கீழ்க்கடைக்காரரிடம் சிங்களத்தில் "அய்யே, கரண்ட் கீயட்டத என்னே?" என்று எத்தனை மணிக்கு வரும் எனக் கேட்டேன். "தன்னே நே நங்கி", தெரியாது தங்கச்சி என்று கையை விரித்தார். அவருக்கு எப்படித் தெரியும்.

செய்ய வேண்டியவை:
பிறப்புச் சான்றிதழ் 3, விவாகப் பதிவு 1. மொழிபெயர்த்து முத்திரை குத்த.
அம்மாவின் பிரஷர் குளிசை.
நிரோஷனின் படம்.

மூன்றாவதை ஒரு கிழமையாகத் தள்ளிப் போட்டாயிற்று. கனடாவிலிருந்து வந்து எடுத்திருக்கிறான். தொண்ணூற்று நாலு நிமிடம். போர்டிங்கில் நின்று படிக்கும் ஒரு பெண், மதிலுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் போர்டிங்கில் ஒரு பெடியன், முதல் காதல். பெண், என்னோடு போர்டிங்கில் நின்ற தர்சினி. பெடியன் அவனேதான். நடுவில் கடிதம் கொண்டுபோகும் தோழி ஒருத்தி.

"உம்மட பேரையே வைச்சிட்டன் சுபா. குறை நினைக்காதேயும்" என்றான் போனில்.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் நான் போட வேண்டுமாம். 31ஆம் திகதி தெரிந்தவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டப் போகிறான். கிளிநொச்சியிலிருந்து தர்சினியின் அம்மா வருகிறார். அதைக் கேட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. காரணம் இருக்கிறது, சொல்லத்தான் முடியாது.

மே 21, புதன்

மழை விட்டுவிட்டு. முதல் இருபது நிமிடம் முடிந்தது.

ஒரு தடவைக்கு இரண்டு வரிதான். வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து. ஆட்கள் கதைப்பதில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடுவதுதான் இந்த வேலை.

நடிக்கிற பிள்ளை வடிவு. தர்சினி அவ்வளவு வடிவில்லை. பல் கொஞ்சம் மிதப்பு, சிரித்தால் கையால் மறைப்பாள். படத்துச் சுபா குண்டு, கண்ணாடி, எந்நேரமும் வாயில் பிஸ்கட். தோழி என்றால் குண்டு என்று யார் சட்டம் போட்டதோ. நான் அப்போது நெத்தலி.

படத்தில் தர்சினி தன் தலையைத் தானே பின்னுகிறாள். பிழை. இரண்டு வருடம் ஒவ்வொரு காலையும் நான்தான் பின்னிவிட்டேன். இரட்டைப் பின்னல், வெள்ளை ரிபன். நிரோஷனுக்கு அது தெரிய நியாயமில்லை.

அம்மா: "என்னடி அழுறாய்?"
"படம் அம்மா."
"படத்துக்கு அழுற வயசே உனக்கு?"

முப்பத்தேழு.

மே 23, வெள்ளி

வெயில். அம்மா கோயிலுக்கு. வீடு அமைதி, ரெயில் போகும்போது மட்டும் கண்ணாடி அதிர்கிறது.

டோபி காட்சி முடித்தேன். அதைச் சரியாக எடுத்திருக்கிறான். கொட்டாஞ்சேனையில் இரண்டு போர்டிங்குக்கும் ஒரே டோபி. ஒவ்வொரு துணியிலும் உரியவரின் இலக்கம் சிவப்பு நூலால் தைத்திருக்கும். சனிக்கிழமை எல்லா மூட்டையும் முதலில் எங்கள் பக்கம் வரும். இலக்கம் பார்த்துப் பிரித்து அடுக்குவது என் பொறுப்பு. பெடியன்களுடையதை ஆயா மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பார். நிரோஷனின் இலக்கம் 111. தலையணை உறையின் மூலையில் நிமிர்ந்த மூன்று தையல். அந்த உறைக்குள்தான் தர்சினியின் கடிதம் போகும். பன்னிரண்டு கடிதம் அப்படிப் போனது.

பதின்மூன்றாவது போகவில்லை. வார்டன் மிஸ்ஸின் இலக்கம் 11. படத்தில் டோபி கல்லில் அடிக்கிறார், மூன்றாவது தையல் கழன்று தண்ணீரோடு போகிறது, பின்னால் வயலின். 111, 11 ஆகிவிடுகிறது. படத்துச் சுபா அதைக் கவனிக்காமல் கடிதத்தை உள்ளே வைக்க, ஆயா உறையை மிஸ்ஸின் கட்டிலில் வைக்கிறார். மிஸ் உறையை உதறுகிறார்.

விதி என்கிறது படம். பத்தொன்பது வருடமாக எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மே 24, சனி

கடித வாசிப்பு வரும் இடம். நான்கு நிமிடம். நிரோஷன் கைக்குப் போகாத அந்தப் பதின்மூன்றாவது கடிதம். அதில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது, ஆகவே தானே எழுதியிருக்கிறான். கடல், நிலவு, அடுத்த பிறவி. தர்சினி கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

உண்மையான கடிதம் எனக்கு மனப்பாடம். ஒற்றை ரூல் தாள், பச்சைப் பேனை. கெமிஸ்ட்ரி பாஸ்ட் பேப்பர் அனுப்பும்படி. மாங்காய் அனுப்பினால் உப்புத்தூளும் சேர்த்து அனுப்பும்படி. ஞாயிறு சேர்ச்சுக்குப் போகும்போது நீல ஷேர்ட் போடும்படி. கடைசியில்: "சுபா பாவம். அவளை விட்டால் எங்களுக்கு வேறு தபால்காரி இல்லை."

எங்களுக்கு.

அந்த ஒரு சொல்லை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. பாவமாம். நான் அவளுக்குத் தலை பின்னியவள், காய்ச்சலுக்கு மிளகு ரசம் ஊட்டியவள், கரண்ட் இல்லாத நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நித்திரை கொள்வாள்.

இங்கேயாவது எழுதுகிறேன். தையல் தானாகக் கழலவில்லை. நான் நகத்தால் கிளப்பி, பல்லால் கடித்து இழுத்தேன். கடிதத்தை உள்ளே வைத்து மடித்து, ஆயாவின் கையில் கொடுத்தேன். "இது மிஸ்ஸின்ர."

நிரோஷன் மேல் எனக்கு ஆசை என்று ஒரு நாளும் இருந்ததில்லை. எனக்கு அவளைத்தான் பிடித்திருந்தது. அதற்கு என்ன பெயர் என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும், சொன்னதில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான்: மிஸ் ஏசுவார், கடிதம் நிற்கும், அவள் அழுவாள், என் மடியில் அழுவாள்.

மே 25, ஞாயிறு

நாள் முழுக்க மழை. வேலை ஓடவில்லை. பாமன்கடைச் சந்திக்குப் போய்க் குளிசை வாங்கி வந்தேன். மிச்சக் காசை எடுக்காமல் வந்துவிட்டேன், கடைப் பெடியன் பின்னால் ஓடி வந்து தந்தான்.

அன்றைக்கு மிஸ் தர்சினியின் அப்பாவுக்குத் தந்தி மாதிரி ஒரு போன் எடுத்தார். மூன்றாம் நாள் அப்பா கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒபிஸ் வாசலில் குடையை மடிக்கக்கூட மறந்து நின்றார். மிஸ் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு இது தெரியுமோ?" என்றார். "தெரியாது மிஸ்." ஒரு மூச்சில் சொன்னேன்.

கேற்றில் தர்சினி என் கையில் பயோ கொப்பியைத் திணித்தாள். "வைச்சிரு. சோதினைக்கு வருவன்தானே, அப்ப வாங்கிறன்." என் மேல் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அடுத்த மாதம் சண்டை தொடங்கி, கிளிநொச்சிப் பாதையைப் பூட்டினார்கள். சண்டை முடியும்வரை திறக்கவேயில்லை, திறந்தபோது அவள் இல்லை. சண்டையின் கடைசி மே மாதத்தில், பங்கருக்கு வெளியே தண்ணீர் எடுக்கப் போன இடத்தில். அவளின் அம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உப்பைத் தின்றவள் நான். தண்ணீர் குடித்தது அவள்.

கொப்பி இன்னும் அலுமாரியில். சிறுநீரகப் படம் பாதியில் நிற்கிறது.

மே 27, செவ்வாய்

காற்று. நிரோஷன் நான்கு மணிக்கு வந்தான். முன்தலை வழுக்கை, நல்ல சப்பாத்து. அம்மா வடை சுட்டார், "தம்பி, தம்பி" என்று கூத்து.

பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே அந்தத் தலையணை உறை. மிஸ் பிறகு அவனிடமே திருப்பிக் கொடுத்தாராம். பழுத்துப் போயிருந்தது. மூலையில் இரண்டு சிவப்புத் தையல். மூன்றாவது இருந்த இடத்தில் ஊசித் துளை வரிசையாக, அப்படியே.

"படத்தில காட்டினதும் இதைத்தான். தர்சினியின்ர அம்மாவின்ர கையில குடுக்கப்போறன். ஒரு நூல், சுபா. ஒரு நூல் கழண்டதால…" என்று துளைகளைத் தடவினான்.

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை.

"கழரேல்ல. நான் இழுத்தனான்."

"என்ன?"

"பல்லால. தெரிஞ்சுதான் செய்தனான்."

கோப்பையைக் கீழே வைத்தான். சமையலறையில் அம்மாவின் அகப்பைச் சத்தமும் நின்றுவிட்டது.

"ஏன்?"

வாய் வரை வந்தது. சத்தியமாக வந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் பெயரை அந்த மாதிரிச் சொல்ல ஒரு ஆள் எனக்கு முன்னால் இருந்தது இன்றைக்குத்தான். அவன் முகத்தில் கோபம் மெல்ல இளகி, வேறொன்று வந்தது. கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை.

"என்னிலயோ?" என்றான். "சுபா, நீர் என்னில விருப்பமா இருந்தனீரோ?"

அம்மா கதவோரம் நின்றார்.

"ஓம்" என்றேன்.

மே 28, புதன்

அம்மா காலையிலிருந்து என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே. அந்தப் பெடியன் கட்டிட்டானோ?"
"ரெண்டு பிள்ளையள் அம்மா."
"சரி விடு. உன்ர விதி."

தர்சினி செத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கும் ஒரு ஆண்பிள்ளை மேல் ஆசை வந்திருக்கிறதே என்ற ஆறுதல் முகத்தில் அப்பட்டம்.

விவாகப் பதிவு முடித்தேன். "மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு." கையெழுத்து, முத்திரை. முத்திரை இரண்டு தரம் சரிந்து விழுந்தது.

மே 30, வெள்ளி

நிரோஷன் போனில் படபடவென்று கதைக்கிறான். நாளைக்குப் படம் காட்டவில்லை, இரண்டு கிழமை தள்ளி. ஒரு காட்சி புதிதாக எடுக்கிறானாம்.

"நான் உம்மில கோவிக்கேல்ல. ரெண்டு நாள் நித்திரை இல்லை, உண்மை. ஆனா யோசிச்சுப் பாத்தன், அந்த வயசு அப்பிடித்தானே. இப்பதான் படத்துக்கே ஒரு உயிர் வந்திருக்கு. உமக்கு ஓகேயோ?"

ஓகே என்றேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெட்டின காட்சி: டோபி, கல், வயலின்.

ஜூன் 6, வெள்ளி

மழை. புதுக் காட்சி வந்தது. இரண்டு நிமிடம் பத்து செக்கன். குண்டுச் சுபா ஜன்னலால் நிரோஷனைப் பார்க்கிறாள். கண் கலங்குகிறது. தலையணை உறையை எடுத்துப் பல்லால் நூலை இழுக்கிறாள். ஆயா ஏன் என்று கேட்க, "எனக்கும் நிரோஷன விருப்பம் ஆயா" என்கிறாள். அந்தப் பிள்ளை நன்றாக நடித்திருக்கிறது. நூலை இழுத்த விதம் அச்சொட்டாக அதேதான்.

இரண்டு மணிக்குப் போன். கிளிநொச்சி. தர்சினியின் அம்மா. குரல் அப்படியே மகளின் குரல், வயது மட்டும் ஏறியிருக்கிறது.

"பிள்ளை, நிரோஷன் எல்லாம் சொன்னவர். முதல் எனக்கு நெஞ்சு பத்திச்சுது, பொய் சொல்லேல்ல. பிறகு யோசிச்சன். அந்த வயசில ஒரு பெடியனில ஆசை வாறது குற்றமே? என்ர பிள்ளைக்கும் அதுதானே வந்தது. நான் உன்னை மன்னிச்சிட்டன் ராசாத்தி. நீ இனி அதைத் தூக்கிச் சுமக்காத."

"ஓம் அன்ரி."

"அவள் உன்னைப் பற்றித்தான் கதைப்பாள். பங்கருக்குள்ள இருந்தும், சுபா எண்டா இந்நேரம் தலை பின்னி விட்டிருப்பாள் எண்டுவாள். அவனைப் பற்றி ஒரு நாளும் கதைச்சதில்ல. எனக்குப் பயத்தில ஆக்கும்."

அவர் கொஞ்சம் அழுதார், பிறகு மழையா அங்கே என்று கேட்டார். மழை என்றேன்.

"எனக்கும் நிரோஷன விருப்பம்." சிங்களத்தில் ஒரு வரி. ஆங்கிலத்தில் ஒரு வரி. இரண்டும் முப்பத்தெட்டு எழுத்துக்குள்.

4.40க்குக் கோப்பு அனுப்பினேன். திருத்தம் எதுவும் இல்லை என்று எழுதினேன்.