நான் கூட்டிய இரண்டு பட்டைகள்

இன்று காலை கவரைப்பேட்டையில் ஸ்பிரிங் பட்டறைக்குப் போயிருந்தேன். பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை எண்ணெயில் முக்கும்போது கிளம்பும் கருகல் வாசனை உனக்குத் தெரியும். மூக்கில் ஏறினால் சாயங்காலம் வரை போகாது. மேஸ்திரி நம் பிக்கப்பின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "இழுக்கப்போற புது ஜெனரேட்டரு கனம் ஜாஸ்தி. பின்னால ஸ்பிரிங்ல ரெண்டு பட்ட சேத்துடலாமா?" என்றார்.

இதோ வருகிறேன் என்று கை காட்டிவிட்டு வெளியே வந்து நின்றேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை எழுதியாவது வைப்போம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அதை விட்டுவிட்டு நாம் சேர்ந்து வாங்கிய வண்டி. டிரெய்லரில் ஏற்றிய ஜெனரேட்டரைக் கொக்கியில் மாட்டி, கரண்ட் வராத கட்டடங்களுக்கு இழுத்துப் போவதுதான் பிழைப்பு. நம் இருவருடைய அப்பாக்களும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். சொந்த வண்டியின் கதவுச் சத்தம் கேட்கப் பிடித்ததாலோ என்னவோ, முதல் மாதம் முழுக்க நீ ஒவ்வொரு தடவையும் கதவை இரண்டு முறை சாத்தினாய்.

டிரெய்லரை மாட்டினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பெரியபாளையம் போகும் வழியில் ஒரு பாலத்தில் ஏறியபோது ஸ்டீயரிங் என் கையில் கனமே இல்லாமல் சுழன்றது. பின்னால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. எதிரே ஆடி மாதக் கூட்டம், மஞ்சள் புடவைப் பெண்கள் ஓரமாக நடந்து வருகிறார்கள். என் கால் பிரேக்குக்குப் போனது.

"பிரேக்க தொடாத. ஆக்சிலேட்டர்லர்ந்து கால எடு. நேரா புடி. அவ்ளோதான், நேரா புடி."

நீ குரலை உயர்த்தவே இல்லை. வண்டி மெல்ல அடங்கியது. பாலம் தாண்டி நிறுத்தியதும் இறங்கி, டிரெய்லரின் மேல் கை வைத்தபடி இருவரும் நின்றோம்.

மறுநாள் இதே பட்டறையில்தான் அந்தத் தகராறு. பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டினால் வண்டி உட்காராது என்றேன் நான். நீ ஒப்பவில்லை.

"பட்ட சேத்தா உக்காராது, சரி. பிரேக்கு பெருசாயிடுமா? ஜெனரேட்டர கொஞ்சம் பின்னால தள்ளிப் பூட்டினா கொக்கி மேல பாரம் கொறையும். செத்துப்போன ஷாக் அப்சார்பர மாத்துவோம். பாரம் ஏறினா மட்டும் தாங்குற மாதிரி மேல ஒரு பட்ட போடுவோம். நீ சொல்றாப்ல செஞ்சா, காலியா திரும்பி வரச்சொல்லோ முதுவு இன்னாத்துக்கு ஆவும்?"

"முதுவு நோவுதுன்னா கார் வாங்கினு போ," என்றேன்.

மேஸ்திரி சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "சரி, உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய். பாலத்தில் என் கால் பிரேக்குக்குப் போனதை நீ பார்த்துவிட்டாய் என்ற வெட்கம் எனக்கு. அதனால்தான் அப்படிப் பேசினேன். இன்றுதான் இதை உனக்குச் சொல்கிறேன்.

பட்டை கூட்டியதும் வண்டி நிமிர்ந்து நின்றது. நான் பெருமைப்பட்டேன். ஆனால் டிரெய்லரை இறக்கிவிட்டுக் காலியாக வரும்போது, லாரிகள் கிழித்துப்போட்ட சாலையில் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் ஏறியது. சில மாதத்தில் நீ சீட்டில் தலையணை போட்டுக்கொண்டாய். பிறகு ஓட்டுவதை என்னிடம் விட்டாய். பக்கத்து சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி, பள்ளம் வருமுன்பே உடம்பைத் தூக்கிக்கொள்வாய். "நோவுதுடா," என்று நீ சொன்னது மொத்தம் மூன்று முறை இருக்கும். மூன்று முறையும் நான், "தோ வந்துட்டோம்," என்று ஓட்டிக்கொண்டே போனேன்.

நீ எழ முடியாமல் படுத்த பிறகு யாரிடமும் சொல்லாமல் அந்த இரண்டு பட்டையையும் கழற்றினேன். நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். அந்த வண்டியில்தான் உன்னைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். செவ்வாப்பேட்டை தாண்டும்போது, கண்ணை மூடியிருந்த நீ கேட்டாய்.

"பட்டைய கழட்டிட்டியா?"

"ஆமா."

"மெத்துனுக்குது."

உனக்கு வந்திருந்தது புற்று என்றும், எங்கோ தொடங்கி முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றும் டாக்டர் சொன்னார். உன் மனைவி செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் டாக்டரிடம், "வண்டி குலுங்கினதாலயா சார்?" என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

நான் கேட்டதை செல்வி உன்னிடம் சொல்லியிருக்கிறாள். கடைசி வாரத்தில் ஒருநாள், கட்டிலோரம் உட்கார்ந்திருந்த என் கையைத் தொட்டு நீ சொன்னாய்: "நோவு உன்னால வரல. குலுக்கல் மட்டுந்தான் உன்னுது. அத்த மட்டும் வச்சுக்கோ, மிச்சத்த வுட்டுடு."

மன்னித்துவிட்டாயா, கணக்காகப் பிரித்துக் கொடுத்தாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் பொய் சொல்லி என்னைத் தேற்றாமல் விட்டாயே, அதற்காக உன்னை இன்னும் அதிகமாக நினைக்கிறேன்.

காலையில் பட்டறைக்கு வெளியே நின்றபோது, இப்போது என்னோடு வண்டி ஓட்டும் தேவராஜ் பின்னாலேயே வந்தார். ஊத்துக்கோட்டைக்காரர், என் வயதுதான். "இன்னாண்ணா ஆச்சு?" என்றார்.

"காலியா வரச்சொல்லோ உங்களுக்கு எப்டிக்குது? இடுப்பு கிடுப்பு நோவுதா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "ஓனருங்க வண்டிக்கு எப்டிக்குதுன்னுதான் கேப்பாங்க," என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டு, "லெஃப்ட் சைடு ஒரு ஷாக்கு போச்சுண்ணா. ரெண்டு மாசமா. சொன்னா பேஜாராவுமேன்னு சொல்லல," என்றார்.

மேஸ்திரியிடம் திரும்பிப் போய், பட்டை வேண்டாம் என்றேன். இரண்டு ஷாக்கும் புதிதாகப் போடச் சொன்னேன். புது ஜெனரேட்டர் இந்த வண்டிக்கு அதிகம்தான். அதை இழுக்கும் வேலையைப் பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். தேவராஜ் அன்றாடம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, காலி வண்டியை எளாவூர் வரை நானே ஓட்டிப் பார்த்தேன்.

உன்னுடைய நிதானம் எனக்கு வரவில்லை. வண்டியைப் பற்றி உனக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. பழகியிருப்பது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவர் வலிக்கிறது என்று சொன்னால், எங்கே போய்க்கொண்டிருந்தாலும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துகிறேன். எங்கே வலிக்கிறது என்று பிறகுதான் கேட்கிறேன்.