பதினெட்டு நிமிட அப்பம்

மார்ச் 12, புதன். மாலை 5:40. வந்தவர்கள் பதினொரு பேர். எங்கள் மலையிலிருந்து நாங்கள், உகாண்டா யூதர்கள், நான்கு பேர்; சர்ச்சிலிருந்து ஏழு பேர். விழித்திருந்தவர்கள் பாதி.

கைன்சா டீச்சரின் வகுப்பறை. புதன்தோறும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசும் இந்தக் கூட்டமும் அவர் ஏற்பாடுதான். பெரிய வெள்ளியன்று சர்ச் பையன்கள், ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்று வைக்கோலில் பொம்மை கட்டி எங்கள் மலைச் சாலையில் இழுத்து வருவார்கள். வருடா வருடம் நடப்பதுதான். பொம்மைக்கு எறிகிற கல் பொம்மையோடு நிற்பதில்லை. போன வருடம் ஒன்று என் தங்கை திர்ஸாவின் காதுக்கு மேல் பட்டது. இரண்டு தையல். பத்து வயதுப் பெண். இப்போது எவளாவது "ஏசுவைக் கொன்னவளே" என்றால் பாதி வகுப்பில் வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிறாள். இந்த வருட ஊர்வலத்தில் கல் பறக்கக் கூடாது. எனக்கு வேறு லட்சியம் எதுவும் இல்லை.

நான் சோலார் பம்பு மெக்கானிக், முறையாகப் படித்தவன். ஆகவே முறையாகத் தயாரித்துக்கொண்டு போனேன்: புரொஜெக்டர், ஏசு காலத்து யூதர்களைப் பற்றி முப்பத்திரண்டு படங்கள். ஒன்பதாவது படத்தில் குலோபா கையைத் தூக்கினான். வாடகை பைக் ஓட்டுபவன், சர்ச் இளைஞர் தலைவன். பெரிய வெள்ளி நாடகமும் ஊர்வலமும் அவன் கையில்.

"ஃபுண்டி" என்றான். ரிப்பேர்காரனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏசுவைக் கொன்னது யாரு, அத மட்டும் சொல்லிடேன்."

"ரோமாக்காரன்."

"அப்போ யூதாஸு ரோமாக்காரனா?"

ஒரே சிரிப்பு. "பேதுரு யாராம்? மரியா யாராம்? ஏசுவே யாராம், யூதர்தானே?" என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அங்கே நான் செய்தது, புரொஜெக்டர் ஒயரைப் பிடுங்கியது.

வாசலில் டீச்சர்: "பம்புக்கு வகுப்பெடுக்கிற மாதிரி எடுக்கறீங்க தம்பி. இவங்க திருப்பிப் பேசுவாங்க."

மார்ச் 19. மழை. வந்தவர்கள் ஐந்து பேர். கால்பந்து பேசினோம். வீண் நேரம் – அல்லது அப்படி இல்லையோ?

மார்ச் 26, புதன்

இன்று குலோபா சிரிக்காமல் கேட்டான். "கோவிச்சுக்காதே. சின்ன வயசுலேருந்து காதுல விழுந்தது. உங்க பாஸ்கா பண்டிகை ரொட்டியில குழந்தை ரத்தம் கலப்பீங்களாமே?"

கை மடங்கிவிட்டது, முஷ்டியாக. எந்த நாட்டிலோ எவனோ கிளப்பிய பொய். எத்தனை பேரைக் கொன்ற பொய்! அது கடல் தாண்டி இந்த மலை வரைக்கும் வந்து, இவன் வாயில் உட்கார்ந்திருக்கிறது. டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவு, தண்ணி. மூணாவது சாமான் கிடையாது. வந்து பாரு. உன் கையாலயே சுடு."

"வரேன்டா. வரமாட்டேன்னு நெனச்சியா?"

ஏப்ரல் 9, புதன்

வந்தான். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்!

பாஸ்காவுக்குப் புளிக்காத அப்பம்தான்; மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் வெந்துவிட வேண்டும். தாண்டினால் புளிப்பு, தூக்கிப் போட வேண்டியதுதான். கடிகாரம் என் கையில். இது எனக்குப் பழக்கமான வேலை. நிமிடம் சொல்லிக் கத்தினேன். அவர்கள் தேய்த்தார்கள், உருட்டினார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். குலோபாவின் முதல் வட்டம் உகாண்டா வரைபடம் மாதிரி இருந்தது.

திர்ஸா முதலில் கதவுக்குப் பின்னால் நின்றாள். பத்தாவது நிமிடத்தில் அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, குத்துங்க! முள்கரண்டியால குத்துங்கண்ணே, உப்பிடும்!"

"உத்தரவு மேடம்" என்றான் குலோபா.

முதல் தடவை எல்லாம் வீண். இரண்டாவது தடவை பதினாறு நிமிடம். கருகிய துண்டைக் கடித்துவிட்டுச் சொன்னான்: "ரத்தம் இருந்தாக்கூட கொஞ்சம் ருசி இருந்திருக்கும்." முதலில் என் அம்மா சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தோம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கெடுத்துவிட்டேன். நான்தான் கெடுத்தேன்.

பாஸ்கா மூன்றாம் நாள். குலோபா ஒரு கூடையோடு வாசலுக்கு வந்தான். வாழை இலைக்குள் சுடச்சுட மண்டாசி. கோதுமை மாவைப் புளிக்கவைத்து எண்ணெயில் பொரித்தது. எட்டு நாளைக்கு எங்கள் வீட்டுக்குள் வரவே கூடாத பண்டம். நான் என்ன செய்தேன்? "உள்ள கொண்டு வராதே! தள்ளிப் போ! அதத் தொடாதே திர்ஸா!"

பாம்பைப் பார்த்தவன் மாதிரி கத்தியிருக்கிறேன்.

குலோபா மெதுவாகத்தான் பேசினான். "உங்க ரொட்டிய நாங்க தின்னோமேடா."

கூடையை ரோட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மத்தியானத்துக்குள் கடைத்தெரு முழுக்க, "நம்ம ரொட்டி விஷம்னு யூதன் சொல்லிட்டான்." டீச்சர் போன் செய்தார். பையன்கள் பொம்மையை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டுகிறார்களாம்.

பதினெட்டு நிமிடம் சொல்லிக்கொடுத்தேனே, புளித்தது எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரு வரி சொன்னேனா? பொறுமையாக வாசலில் நின்று சொல்லத்தான் வாய் வந்ததா? நாங்கள் பிறந்ததிலிருந்து தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். மடையன்.

திர்ஸா கேட்கிறாள்: "வெள்ளிக்கிழமை சன்னலையும் சாத்திடலாமாண்ணா?"

ஏப்ரல் 16, புதன்

பைக் ஸ்டாண்டுக்குப் போனேன். பத்துப் பேர் பார்த்திருக்க, காரணத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

குலோபா பிரேக் ஒயரைவிட்டு நிமிரவே இல்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா பலாப்பழம் கொண்டாந்திருப்பேனே. எங்கம்மா விடியறதுக்கு முன்னாடி எழுந்து சுட்டது. எங்கிட்ட என்ன சொல்றே, அதுகிட்ட போய்ச் சொல்லு."

போனேன். அந்த அம்மா உட்காரச் சொல்லி, தேநீரும் மண்டாசியும்தான் வைத்தார்! இந்த முறை கத்தவில்லை. முதலில் மன்னிப்பு, பிறகு காரணம்.

"எட்டு நாளா? பிள்ளைங்க என்ன பண்ணுதுங்க?"

"முனகுதுங்கம்மா."

"எங்க வீட்லயும் தவக்காலத்துல கறி இல்லன்னா இதே முனகல்தான்." தட்டை எடுத்துக்கொண்டு போய் வாழைப்பழத்தோடு வந்தார். "இது புளிக்காதுல்ல? சாப்பிடு."

மூன்று பழம் சாப்பிட்டேன். கண் கலங்கியது. புகை அடுப்பு.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. மாலை.

ஊர்வலம் எங்கள் சாலையிலேயே வந்தது. பொம்மை இல்லை.

பொம்மை இருக்க வேண்டிய இடத்தில், கழுத்தில் கயிற்றோடு குலோபா நடந்து வந்தான். எங்கள் வேலிப் பக்கமாகவே நடந்தான். பையன்களிடம் சொல்லியிருக்கிறான்: "இந்த வருஷம் யூதாஸ் நான்தான். எறியறவன் என் மூஞ்சியப் பாத்து எறி." பெரும்பாலோர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டார்கள். ஒரு கல் மட்டும் வந்தது. அவன் தோளில் பட்டது. திட்டினான், யூதாஸ் பேசியிருக்கக்கூடாத வார்த்தைகளில். பின்னால் வந்த பாதிரியாருக்கும் கேட்டிருக்கும்.

திர்ஸா நான் தடுப்பதற்குள் வேலிக்குப் போய்விட்டாள், சொம்புத் தண்ணீரோடு. "வலிக்குதாண்ணே?"

"இல்ல மேடம்" என்று பொய் சொல்லிவிட்டு முழுக்கக் குடித்தான். ஊர்வலமே நின்று காத்திருந்தது.

சூரியன் இறங்குகிறது. இறங்கிவிட்டால் எங்கள் ஓய்வுநாள் தொடங்கிவிடும், எழுதக் கூடாது. அதற்குள், செய்ய வேண்டியவை:

1. குலோபா தோளுக்குத் தைலம்.

2. ஈஸ்டர் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை திர்ஸா தனியாகவே பள்ளிக்குப் போகிறாளாம். பின்னாலேயே போகக் கூடாது.

3. அடுத்த புதன்கிழமை தவக்காலம் பற்றி அவர்கள் பேசட்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது.

4. கல் எறிந்த பையன் யார் என்று பார்த்துவிட்டேன். அடிக்கக் கூடாது. அவன் வீட்டுக்குப் போய், புதன்கிழமைக்கு அழைக்க வேண்டும்.