செவ்வாய்க்கிழமைச் செய்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

வேலையில் ஒரு சின்னச் சிக்கல், பயப்படாதீர்கள். சமோவாப் படகுகள் ரேடியோவில் அனுப்பும் செய்திகளைத் தேதி சொன்னால் தேடித் தரும் தேடுபொறியை நான்தானே எழுதினேன்? போன வாரம் நம் ஊர் சியாவோசியின் படகு திரும்பவில்லை. மீட்புக்குழு கேட்டபோது, செவ்வாய்க்கிழமை செய்தியே வரவில்லை என்று தேடிப்பார்த்துச் சொன்னேன். அவர் மனைவி லூப்பே போனில் கத்தினாள்: "செவ்வாய்க்கிழமை காலையில பேசினாருடி! என் காதால கேட்டேன். உன் மிஷினுக்கு என்ன தெரியும்?"

மறுநாள்தான் உறைத்தது. இயந்திரம் கிரீன்விச் நேரப்படி பதிகிறது. நம் சமோவா அதைவிடப் பதின்மூன்று மணி நேரம் முன்னால் இருக்கிறது. நம் செவ்வாய் காலை, அதற்குத் திங்கள். திங்களில் தேடியதும் செய்தி கிடைத்தது. படகு நின்ற இடத்தையும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகச் சொல்லியிருந்தார்.

அவரை உயிரோடு மீட்டார்கள். உடன்போன அவர் அண்ணன் மீட்பதற்கு முந்தின நாள் மாலையே இறந்துவிட்டாராம். இங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. சாப்பாடுதான் இறங்கவில்லை. கொஞ்சம் கோகோ அனுப்புங்கள்.

நம் வழக்கப்படி துக்க வீட்டுக்கு நெய்த பாய் கொண்டுபோகும்போது என் பெயரிலும் ஒன்று கொடுங்கள். ஏன் என்று லூப்பே கேட்டால் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்,
மலியா, பிரிஸ்பேன்