பின்வாசலில் ஒட்டிய அறிவிப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறையும் உடம்பைப் பொறுத்தவரை எல்லாரும் சுகம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறும்போது மட்டும் வரும், கீழே நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கத்தும்போது வராது. மாப்பிள்ளைக்கு வேலை அதிகம், ஆனாலும் உன் குட்டி வாலுக்குக் கதை சொல்லாமல் படுப்பதில்லை, கதை முடிவதற்குள் அவர்தான் தூங்கிப்போகிறார். வாலுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, எதைச் சொன்னாலும் பாதி காற்றாகத்தான் வருகிறது, அம்மா என்கிற வார்த்தை மட்டும் பல் இல்லாமலும் சரியாக வருகிறது. கொஞ்ச நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் நான் அதை அம்மா கையில் கொடுத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுகிறேன், கவனித்திருப்பாய். அம்மாவே கேட்டுவிட்டாள், மக குரல் கேட்டாத்தான் உங்களுக்குச் செடி ஞாபகமே வருமா என்று. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் காகிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு நீ தேர்வாகவில்லை என்று உனக்குச் செய்தி வந்திருக்கும். ஏன் என்று அதில் போட்டிருக்க மாட்டார்கள். காரணம் நான்தான். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உனக்குத் தெரிந்த இடம்தான், பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பியூன் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே, அதே ஆஸ்பத்திரி முன்தாழ்வாரம். அதன் சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை, அதன் சாவி என் சட்டைப்பையில். அந்தத் தாழ்வாரம் வழியாக வருகிறவர்கள் நிரந்தர ஆட்கள், கிளார்க், நர்ஸ், லேப், மருந்துக் கவுன்டர், எல்லாம் நம்ம ஆட்கள். துடைக்க, துவைக்க, ஸ்ட்ரெச்சர் தள்ள வருகிறவர்கள் ஒப்பந்தம், பின்வாசலில் கையெழுத்துப் போட்டு அந்த வழியாகவே போவார்கள், எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள், வேறு பாஷை, வேறு சாமி. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. காலை வெயில் முன்பக்கம்தான் விழும் என்பது போல இதுவும் ஒரு விஷயம் என்று நானும் இருந்துவிட்டேன். ஒரு இடம் காலியானால் பெரிய டாக்டர் அறிவிப்பைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், நான் பூட்டைத் திறந்து முறைப்படி ஒட்டுவேன், ஒட்டுவதற்கு முன்பே காதும் காதும் வைத்தாற்போல் நம்ம ஆட்கள் நாலு பேரிடம் சொல்லிவிடுவேன். உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். உன் பெரியப்பா மகன் லேபுக்குள் வந்தது அப்படித்தான். ஊசியைக் கண்டாலே அவன் கண்ணை மூடிக்கொள்கிறான், ரத்தம் எடுப்பதெல்லாம் பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தக்காரி, இவன் குழாயில் பெயர் எழுதி ஒட்டுவதோடு சரி. அவளை எல்லாரும் ஊசியக்கா என்பார்கள். அந்தப் பக்கத்து ஆள், உன்னைப் போலவே அதே படிப்பு படித்தவள். வாலுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள்தான் ரத்தம் எடுத்தாள், குழந்தை அழக்கூட மறந்துபோய் அவள் காதுத் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீ படிப்பை முடித்த வருஷம் புது ஆள் எடுக்கப் பணமில்லை என்று அரசாங்கம் கையை விரித்தது, அதனால்தான் நீ அத்தனை தூரம் போனாய். இந்த வருஷம் லேபுக்குப் பணம் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தோடு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடமும் வந்தார், எந்த வேலையில் எந்த ஆட்கள் எத்தனை பேர் என்று பார்க்க. நான் டீ கொண்டுபோனேன். அவர் பெரிய டாக்டரிடம் கேட்டார், எல்லார் வரிப் பணமும்தானே இங்க வருது, நிரந்தர வேலைல மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தர்கூட ஏன் இல்ல என்று. டாக்டர் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னார், அவங்க விண்ணப்பமே போடறதில்ல மேடம், போட்டாத்தானே கொடுக்க முடியும், ஆர்வமில்ல என்று. அவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். என் சட்டைப்பையில்தான் அந்தச் சாவி திருட்டுப் பொருள் மாதிரி கனத்தது.

அதற்கு முந்தின ராத்திரிதான் நீ போனில் அழுதிருந்தாய். அங்கே பகல் வேலைக்கு இடம் காலியானது உனக்குத் தெரியவே தெரியாது, அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்கள், புது ஆள் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது என்றாய். கேட்டால் நீ விண்ணப்பம் போடலையே என்கிறார்கள் என்றாய். நான் எப்படிக் கொதித்தேன் தெரியுமா. அவனுங்கல்லாம் மனுஷங்களா என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். அதே போனில் கடைசியாக நீ சொன்னாய், அப்பா அங்க லேப்ல ஏதாவது வந்தா முதல்ல எனக்குச் சொல்லுங்க, வாலு என்னை மறக்கிறதுக்குள்ள வந்துடணும் என்று. இரண்டு பேச்சும் ஒரே மூச்சில். இரண்டும் என் காதில் இன்னும் அப்படியே இருக்கிறது.

மறுவாரம் அறிவிப்பு வந்தது. நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. அந்த ஆள் சேர்ந்ததும் ஒப்பந்த ஆளுக்குக் கொடுக்கும் பணம் நின்றுவிடும், அதாவது ஊசியக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலில் உனக்குத்தான் சொன்னேன், அன்றைக்கே நீ விண்ணப்பமும் போட்டுவிட்டாய். நம் பக்கத்தில் அந்தப் படிப்போடு காத்திருப்பது நீ ஒருத்திதான், முன்தாழ்வாரத்தோடு நான் நிறுத்தியிருந்தால் வேறு விண்ணப்பம் வந்திருக்காது. கண்ணாடிக்குள் ஒன்று ஒட்டிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன், உட்கார முடியவில்லை. நீ அழுத குரலும், ஆர்வமில்ல என்று டாக்டர் சொன்னதும் மாறி மாறி வந்தது. எழுந்துபோய் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பின்வாசலில் கையெழுத்துப் போடுகிற மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டேன். பசை காய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் அம்மா உன் அலமாரியைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை முன்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பேசியிருந்தார், எங்கம்மா வந்தா எந்தத் தலையணை என்று வாலு என்னிடம் கேட்டது.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிய வெட்கம். மறுநாள் விடிந்ததும் அதைக் கிழித்துப் போடத்தான் போனேன், சுரண்டுவதற்கு ஒரு கத்திகூட எடுத்துக்கொண்டேன். அங்கே எனக்கு முன்னால் ஊசியக்கா நின்றுகொண்டிருந்தாள், விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள், பிறகு முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தாள். நான் கத்தியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, சும்மா அந்தப் பக்கம் வந்தவன் போலத் திரும்பி வந்துவிட்டேன். ஒட்டியதற்கு உன்னிடம் குற்றவாளி, கிழிக்கப் போனதற்கு அவளிடம் குற்றவாளி, இத்தனை வருஷம் ஒட்டாமல் இருந்ததற்கு எத்தனை பேரிடமோ தெரியவில்லை. பின்வாசலில் யார் ஒட்டியது என்று பெரிய டாக்டர் கேட்டார். நான்தான் சார், பலகையில இடமில்ல என்றேன். அவர் எழுந்து வந்து, பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

உன்னைக் கம்ப்யூட்டர் வழியாகக் கேள்வி கேட்டார்கள், அவளை நேரில் கேட்டார்கள். நீ நன்றாகத்தான் சொன்னாயாம், டாக்டரே சொன்னார். ஆனால் அதே லேபில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவளைத் தாண்டி உன்னை எடுக்க அவர்களிடம் காரணம் இல்லை. சேர்ந்த முதல் நாள் அவள் முன்வாசல் வழியாக வந்தாள், எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் நின்றாள், நான் காட்டினேன். திரும்பும்போது கண்ணாடிப் பலகை முன்னால் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அண்ணே, இத்தனை வருஷமா இங்கதான் ஒட்டிட்டிருந்தீங்களா என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தலையை ஆட்டினேன். அவள் லேபுக்குள் போய்விட்டாள்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பின்வாசலில் ஒட்டியவன் கை விளங்காமல் போக என்று தினமும் எனக்கே தட்டில் போட்டுக்கொண்டே சொல்கிறாள், நானும் அந்தக் கையாலேயே சாப்பிடுகிறேன். உனக்குச் சொல்லாமல் அவளுக்குச் சொல்லக் கூடாது என்று காத்திருந்தேன். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேருவதற்குள் சொல்லிவிடுவேன். சொன்னேனா இல்லையா என்பது நீ போன் செய்யும்போது அவள் குரலிலேயே தெரிந்துவிடும். மாப்பிள்ளையிடமும் நானே சொல்கிறேன், நீ இடையில் நின்று சமாதானம் செய்ய வேண்டாம். சுண்ணாம்பு அடித்த அறை அப்படியே இருக்கும், அதில் யாரும் மூட்டை முடிச்சு வைக்க விடமாட்டேன்.

சரி செய்தேன் என்று உன்னிடம் பேர் வாங்க இதை எழுதவில்லை. சரி என்று எனக்கே ராத்திரி தோன்றுகிறது, காலையில் வாலு பல்லில்லாமல் சிரித்தால் தப்பு என்று தோன்றுகிறது. வேறு யார் வீட்டுப் பெண்ணுக்கு வர வேண்டிய வேலையாக இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டேன், அதுவும் தெரிகிறது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்து வந்தால் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கு, அம்மா சொல்லச் சொன்னாள், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், சீக்கிரம் உன் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. உன் ஆஸ்பத்திரியிலும் ஒரு பலகை இருக்கும், அதன் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் போல ஒருத்தர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கெட்டவராக இருக்க மாட்டார், அவருக்கும் ஒரு மகள் இருப்பாள். அவரைக் கண்டுபிடித்துத் தினமும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போ. நீ அங்கே இருக்கிறாய் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

உன் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டும், பார்க்கக் காத்துக்கொண்டும்,
அப்பா